நைட்ரேட் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டிக் டேங்குகளால் நிலத்தடி நீரில் நைட்ரேட் (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு வகை) கூடுகிறதா என்று உங்கள் இதழில் அலசிய கட்டுரை மிகவும் தேவையான ஒன்று. ஆனால் தொட்டிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து, தண்ணீரை ஒரு தடவை சோதித்தால் விடை கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. அப்படி எடுக்கும் முடிவு இரண்டு பக்கமும் தவறிப்போகும்.

தொட்டிக்குள் ஆக்சிஜன் கிடையாது. அதனால் வெளியேறும் நீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவே இருக்கும். உறிஞ்சுகுழிக்குக் கீழே காற்றோட்டமுள்ள மண்ணைக் கடக்கும்போதுதான் நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதன்பின் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. நீர் போகும் வழியெல்லாம் போகும். குழியின் அடிப்பகுதி நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த மாற்றம் சரியாக நடக்காது. அறிக்கையில் நைட்ரேட் குறைவாக வரும். அம்மோனியமும் கிருமிகளும் நேரே தண்ணீரில் இறங்கியிருக்கும். நைட்ரேட்டை மட்டும் பார்ப்பவர் அதை நல்ல தண்ணீர் என்றே சொல்வார். ஆபத்தான பிழை இது.

அடுத்தது நீரோட்டத் திசை. கனடாவின் ஒன்டாரியோவில் மணற்பாங்கான நிலத்தில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், ஒரே வீட்டின் கழிவுநீர்த் தடம் நிலத்தடியில் 130 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. அகலம் சுமார் 10 மீட்டர்தான். ஆகவே பக்கவாட்டில் 15 மீட்டரில் உள்ள கிணறு தப்பிக்கலாம், ஓட்டத்தின் வழியில் 100 மீட்டர் தள்ளியிருப்பது மாட்டிக்கொள்ளலாம். ஒரே வரிசையில் இல்லாத மூன்று கிணறுகளிலாவது, மோட்டாரை நிறுத்தி மட்டம் நிலைத்த பிறகு, ஒரே நாளில் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்பது போதாது. மூன்றையும் ஒரு பொது உயரக் குறியோடு ஒப்பிட்டால்தான் திசை தெரியும். பிறகு தொட்டிக்கு மேல்புறம் (நீர் வரும் பக்கம்) ஒரு கிணற்றிலும் கீழ்புறம் (நீர் போகும் பக்கம்) இரண்டிலுமாவது மாதிரி எடுக்கலாம்.

குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றி, வெப்பநிலையும் மின்கடத்துத்திறனும் நிலையான பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்காவிட்டால் நுண்ணுயிரிகள் எண்ணையே மாற்றிவிடும். மழைக்கு முன்பும் பின்பும் என இரண்டு முறையாவது எடுப்பது அவசியம்.

நைட்ரேட்டோடு அம்மோனியம், குளோரைடு, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். குளோரைடு மண்ணில் சிதையாமல் கழிவுநீரோடு பயணிப்பது. கீழ்புறக் கிணற்றில் குளோரைடு கூடி, நைட்ரேட்டும் ஆக்சிஜனும் குறைந்திருந்தால், வழியில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நைட்ரேட் வந்தது உரத்திலிருந்தா கழிவிலிருந்தா என்ற சந்தேகத்துக்கு நைட்ரஜன் ஐசோடோப்பு சோதனை (எடை வேறுபடும் நைட்ரஜன் அணுக்களின் விகிதத்தைப் பார்ப்பது) உதவும். ஆனால் சாணத்தையும் மனிதக் கழிவையும் அது தெளிவாகப் பிரிக்காது. அதற்கு மனிதர் உணவில் சேரும் அசெசல்ஃபேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்புகளைத் தேடுவது ஒரு வழி.

களத்தில் இறங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன் வெளியேற்றுகிறார் என்று கொள்வோம். நால்வருக்கு 16 கிலோ. கால் பங்கு வாயுவாகப் போனாலும் மீதி 12 கிலோ. தலைக்கு நாளுக்கு 100 லிட்டர் வீதம் கழிவுநீர் ஆண்டுக்கு 146 கன மீட்டர். 1,000 சதுர மீட்டர் மனையில் 200 மில்லிமீட்டர் மழைநீர் இறங்கினால் இன்னொரு 200 கன மீட்டர். இரண்டும் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 35 மில்லிகிராம் நைட்ரஜன், அதாவது ஆக்சிஜனின் எடையும் சேர்த்து நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 154 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். மழைநீரை மட்டும் நம்பி அந்த அளவுக்குக் கொண்டுவர ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 4,600 சதுர மீட்டர் நிலம் வேண்டும். மனைகள் நெருங்கிய இடத்தில் தொட்டியைச் சில அடி தள்ளி வைப்பதால் மட்டும் இது தீராது என்பது இதிலேயே தெரிகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கட்டுரையின் அட்டவணையில் உள்ள எண்கள் நைட்ரேட்டாகக் கணக்கிட்டவையா, நைட்ரஜனாகக் கணக்கிட்டவையா என்ற குறிப்பு இல்லை. இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். நைட்ரஜனாக 12 என்றால் அளவு மீறிவிட்டது, நைட்ரேட்டாக 12 என்றால் கவலையில்லை. அந்த விளக்கத்தை அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீர்த்தர ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்