இட்லி என்று பொய் சொன்ன பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் காலை உணவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் கார்ன் ஃப்ளேக்ஸ் வகையறாக்களுக்கு மவுசு குறைந்துவருவதைச் சொன்ன வரையில் சரி. ஆனால் போகிற போக்கில், காலையில் ஆறிய உணவைச் சாப்பிடும் பழக்கம் தமிழர்களுக்கு என்றுமே இருந்ததில்லை, அதனால்தான் அந்தப் பெட்டிகள் இங்கே எடுபடவில்லை என்று ஒரு வரி வருகிறது. கட்டுரையாளர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் காவிரிக் கடைமடையில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பழையது சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் விடியும்போது லேசாகப் புளித்திருக்கும். உப்புப் போட்டுப் பிசைந்து, மோர் இருந்தால் மோர், இல்லாவிட்டால் அந்த நீராகாரமே போதும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர் மிளகாயோ, அதிர்ஷ்டம் இருந்தால் முதல் நாள் மீன் குழம்போ. அடுப்பு மூட்ட வேண்டாம். இருட்டோடு நடவுக்குப் போகும் தாய்க்கு அதைவிடத் தோதான சாப்பாடு எது? இட்லியும் தோசையும் அந்த வீடுகளுக்குத் தீபாவளியோடுதான் வரும். வேறு மாவட்டங்களில் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ். அவையும் முதல் நாள் காய்ச்சி ஆறவைத்தவைதான்.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பில் கேட்பேன். பழையது சாப்பிட்ட பிள்ளையும் "இட்லி, டீச்சர்" என்றுதான் சொல்லும். சிலேட்டைக் காட்டக் கிட்டே வரும்போது வெங்காய வாசனை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பையன், சட்டைப் பொத்தானில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, எத்தனை இட்லி என்று நான் கேட்டதற்கு ஆறு என்றான். வகுப்பே சிரித்தது. கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் தோன்றும். அந்த வெட்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றால், நானும்தான். உணவு பற்றிய பாடம் வரும்போது கரும்பலகையில் நான் வரைந்தது இட்லியைத்தான். வரையச் சுலபம், வட்டம் போட்டால் போதும்.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். கெல்லாக்ஸ் 1994இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் கார்ன் ஃப்ளேக்ஸ் வந்து சேர்ந்தது. பழக்கதோஷம், கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றினேன். மொறுமொறுப்பு போய்ச் சற்று நேரத்தில் குழைந்துவிட்டது. என் கணவர் கரண்டியால் ஒரு முறை கிளறிப் பார்த்தார். "நொய்க்கஞ்சிக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். நமக்குச் சூடாக இருந்தாக வேண்டியது பால், சோறு அல்ல. காய்ச்சாத பாலைக் குடிக்க நமக்கு மனம் வராது. கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கார்ன் ஃப்ளேக்ஸுக்கும் பழையதுக்கும் பிறப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக்கில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய ஆரோக்கிய நிலையத்தில், 1894இல், வேகவைத்த கோதுமையை அப்படியே போட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார்களாம். திரும்பி வந்து, கொட்ட மனமில்லாமல் உருளையில் கொடுத்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனி இதழாக விழுந்ததாம். மிச்சத்தை வீணாக்காத கைதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. அவருடைய தம்பி வில் கீத் 1906இல் மக்காச்சோளத்தை வைத்துக் கம்பெனி தொடங்கினார். நோயாளிகளின் பத்தியமாகத் தொடங்கியது, 1952இல் 'ஷுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' வரை வந்தது. பிற்பாடு சர்க்கரை என்றால் பெற்றோர் முகம் சுளிக்கும் காலம் வந்ததும், பெயரிலிருந்து மட்டும் சர்க்கரையை எடுத்துவிட்டார்கள்.

இன்று அங்கே அது சரிவதற்குச் சர்க்கரை ஒரு காரணம், விலை ஒரு காரணம். எனக்குப் பிடித்த காரணம் வேறு. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் மின்டெல் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் விசாரித்தபோது, இளம் தலைமுறையினரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், சாப்பிட்டபின் கழுவ வேண்டியிருப்பதால் சீரியல் (கார்ன் ஃப்ளேக்ஸ் வகை உணவுக்கு அங்கே அதுதான் பெயர்) வசதிப்படவில்லை என்றார்களாம். சமைக்கும் வேலை இல்லை என்று வந்த உணவு, ஒரு கிண்ணம் கழுவ வேண்டும் என்பதால் போகிறது! நியூ ஜெர்சியில் என் பேரன் காலையில் ஏதோ ஒரு 'பார்' கடித்தபடி காரில் ஏறுகிறான். சீரியலை இரவில் டிவி முன் உட்கார்ந்து, பொரி தின்பதுபோல் வெறுமனே அள்ளித் தின்கிறான். 2024இல் டபிள்யூ.கே. கெல்லாக் கம்பெனியின் தலைவரே தொலைக்காட்சியில், செலவு கட்டுப்படியாகாதவர்கள் இரவு உணவுக்குச் சீரியல் சாப்பிடலாம் என்று பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டார். மறு ஆண்டு அந்தக் கம்பெனியை இத்தாலியின் ஃபெரெரோ 310 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. சாக்லேட் கம்பெனி, எப்படியும் சர்க்கரையை விட்டு வெகுதூரம் போகவில்லை.

வசதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் நாம் பழையதை விட்டிருக்கவே கூடாது. அதற்கு அடுப்பும் வேண்டாம், காசும் வேண்டாம். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மாவு பாக்கெட் எல்லாம் வந்ததும் உண்மைதான். ஆனால் அவை எங்கள் ஊருக்குள் நுழைவதற்கு வெகுநாள் முன்பே பிள்ளைகள் இட்லி என்று பொய் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பழையதில் அந்தச் சத்து, இந்தச் சத்து என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நான் சொல்ல வரவில்லை. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகப் போடுகிறார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவள் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். இருந்ததை இல்லை என்று எழுத வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்று. அமெரிக்கர்கள் குளிர்ந்த பாலை ஊற்றிக்கொள்வார்கள் என்ற வரிக்குப் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் படத்தில், கிண்ணத்திலிருந்து ஆவி பறக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருத்துறைப்பூண்டி