நொய்யல் அருங்காட்சியகம் நொய்யல் கரை நிலத்தைப் பார்த்து எழும்பட்டும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கும், பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஈரோடு மாவட்டத்துக்கு 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம் என்று அறிவிப்பு வந்தபோது கொங்குப் பக்கத்தில் நிறையப் பேருக்கு மனசு குளிர்ந்தது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல்தான் சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிற ஊர், 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து கல்மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் என்று வெளியே வந்துகொண்டே இருக்கும் ஊர். அதற்கு ஒரு வீடு கிடைக்கப் போகிறது. அந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகம் பார்க்க அழகுதான், முற்றமும் தூண்களுமாக நன்றாகவே கட்டியிருக்கிறீர்கள். ஆனால் அது காரைக்குடி வீட்டின் அழகு. வைகைக் கரைத் தென்னந்தோப்புக்குள் கிடைத்த ஒரு பழைய ஊருக்கு நூறு, நூற்றைம்பது வருடத்துச் செட்டிநாட்டு வீட்டைப் போர்த்தியது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. கொடுமணலுக்கும் அதே போல நடுவில் முற்றம் வைத்த ஒரு தொட்டிக்கட்டு வீட்டைப் பெரிதாக்கி வைத்துவிட்டால் கொங்கு பாணி என்று பெயர் வாங்கிவிடலாம், அந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது.

சரி, அந்த நிலத்தில் என்ன இருக்கிறது? மழை மறைவுப் பிரதேசம், வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய விஷயம். செம்மண்ணும் சரளையும், நடந்தால் காலில் இடறும் வெள்ளை வெங்கச்சாங்கல். காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகள் என்கிற மேய்ச்சல் நிலங்கள், அதில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முடிய விடாமல் அடிக்கிற மேற்குக் காற்று. அப்புறம் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் நிற்கும் அந்தக் கல்வட்டங்கள். தரைக்கு மேலே வட்டமாகக் கற்கள், சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிய குத்துக்கல், தரைக்குக் கீழே பலகைக் கற்களால் அடைத்த கற்பதுக்கை, அதன் ஒரு பக்கத்தில் இடுதுளை என்று சொல்லும் ஓட்டை. அந்தக் காலத்து ஆட்கள் இந்த மண்ணில் எப்படிக் கட்டுவது என்று நமக்கு ஒரு பாடமே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், எல்லாம் உள்ளூர்க் கல்.

நான் கேட்பது தாழ்வான ஒரு கட்டடம். பனைமரத் தலைகளுக்கு மேலே அது தெரியவே கூடாது. போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1982இல் திறந்த பாரத் பவனைப் பாருங்கள், ஏரியை நோக்கிச் சரியும் மேட்டில் படிப்படியாக இறங்கிப் போகிறது, கூரையே மொட்டைமாடித் தோட்டம், உள்ளே முற்றங்கள். குஜராத்தின் பூஜ் நகரில் 2001 நிலநடுக்க நினைவாக 2022இல் திறந்த ஸ்மிருதிவனமும் அப்படித்தான், குன்றுச் சரிவில் தடுப்பணைகள் கட்டி மழைநீரைத் தேக்கி, மரம் வளர்த்து, அந்தக் குன்றோடு சேர்ந்தே கட்டியிருக்கிறார்கள். இரண்டும் நம் நாட்டில், வெயிலடிக்கிற ஊர்களில் நடந்தவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. பாதி தரைக்குள் இறங்கும் கட்டடம் என்று ஆசைப்பட்டு ஜேசிபியை இறக்கினால் எந்தக் கற்பதுக்கையை உடைப்போம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தூணுக்கும் குழி எடுக்கும் இடத்தில் முதலில் தொல்லியல் ஆட்கள் சோதனைக் குழி போடட்டும். ஏதாவது கிடைத்தால் தூண் நகர வேண்டும்.

மேற்குச் சுவர் தடிமனான கல் சுவராக இருக்கட்டும், மேலே காற்று நுழைய திறப்பு, நடுவில் முற்றம். எல்லா அறைக்கும் ஏசி தேவையே இல்லை. இரும்பும் எலும்பும்தான் ஈரப்பதத்துக்குப் பயப்படும், அவற்றுக்கு மட்டும் தனி அறைகள் போதும், பானை ஓட்டுக்கும் கல்மணிக்கும் நல்ல காற்றோட்டமே போதுமானது. இன்னொன்று, மணிகளுக்குப் பகல் வெளிச்சம் கொடுங்கள். பச்சைக்கல்லையும் பளிங்கையும் சிவப்பான சூதுபவளத்தையும் மஞ்சள் விளக்கில் பார்ப்பதும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பதும் ஒன்றா? கொடுமணலில் உடைத்தது, உருட்டியது, துளை போட்டுப் பாதியில் விட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மணிகள் கிடைத்திருக்கின்றன. பாதித் துளையோடு நிற்கிற ஒரு பளிங்கு மணியைச் சூரிய வெளிச்சத்தில் வைத்தால் துளைத்தவன் எந்த இடத்தில் நிறுத்தினான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நொய்யலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். பெயரே நொய்யல் என்று வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினால் என்ன அர்த்தம்? திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை பக்கத்தில்தான் இருக்கிறது, 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு இந்த ஆறு கெட்டுப்போனது. அதையும் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு தொழிலூரை வாழவைத்த ஆறு, நம் காலத்துத் தொழிலால் என்ன ஆனது என்பதும் இந்த அருங்காட்சியகம் சொல்ல வேண்டிய கதைதான்.

கடைசியாக, வாசல். பெரிய வளைவு, கிரானைட் படிக்கட்டு, நீரூற்று எதுவும் வேண்டாம். ஒரு இட்டேரி, அதாவது நம் பக்கத்து வேலிப் பாதை, போடுங்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற அகலத்துக்கு மண் பாதை, வேலியோரம் பிரண்டையும் கோவைக்கொடியும் தானாக ஏறிக்கொள்ளும், குருவியும் ஓணானும் தானாக வந்துவிடும். ஊருக்கு ஊர் இட்டேரிகளை அழித்துக் கம்பிவேலி போட்டுக்கொண்டிருக்கிறோம், அரசே ஒன்றைப் புதிதாகப் போட்டால் அது பெரிய காரியம்.

இதற்கு அவகாசம் வேண்டும். கிளுவைப் போத்தை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளையை, மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும், நெருங்கி வேலியாக நிற்கச் சில வருடங்கள் பிடிக்கும். எப்படி நடுவது, எத்தனை இடைவெளி விடுவது என்பதெல்லாம் சென்னிமலை, காங்கேயம் பக்கத்து விவசாயிகளுக்கு அத்துப்படி, கேட்டால் வந்து நட்டுத் தருவார்கள். வரைபடத்தையும் கொடுமணல் ஊர்ச்சாவடியில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள், ஊர்க்காரர்கள் பார்த்துச் சொல்லட்டும். இடத்தை அளந்து கல் நட்டதும், கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டக் காத்திருக்காமல், வேலிக்குப் போத்து நடுங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரையோரத்துக்காரன் ஒருவன்