கிளுவைப் போத்து கேட்டு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் நடந்துபோய், வேலியில் நிற்கும் செடிகளைப் பெயர் எழுதி வந்தார்கள். 26 நோட்டுகளையும் நானே திருத்தினேன். பிரண்டை, கோவை, ஆவாரை எல்லாம் சரி. ஆனால் அந்த வேலியே கிளுவையால், அதிலும் முள்கிளுவையால் ஆனது; அதைத்தான் 11 பேர் 'வில்வம்' என்று எழுதியிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. வில்வத்துக்கும் மூன்று இலை, முள்ளும் உண்டு, கசக்கினால் வாசமும் வரும். மறுநாள் இரண்டிலும் ஒவ்வொரு கொப்பை மேசைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வில்வத்தில் முள் இலைக்காம்பின் அடியில் தனியாக முளைத்திருக்கும். முள்கிளுவையில் கொப்பின் நுனியே கூர்ந்து முள்ளாகி நிற்கும், சில சமயம் அந்த முள்ளிலேயே இலையும் இருக்கும். இலையும் சிறிது: நடு இலை கட்டைவிரல் நகத்தளவு, பக்கத்து இரண்டும் அதைவிடப் பொடிசு. கசக்கி முகர்ந்தபோது எனக்கு மாங்காய்க் காம்பை ஒடித்த வாசமாகப் பட்டது. ஒரு பிள்ளை "சாமி ரூம் வாசம் சார்" என்றாள். அவள் மூக்கு தப்பவில்லை. சாம்பிராணிபோல் புகைக்கும் குக்குலுப் பிசினைத் தரும் செடியும், குழந்தை இயேசுவுக்குச் சாஸ்திரிகள் கொண்டுவந்த வெள்ளைப்போளத்தின் மரமும் கிளுவைக்குப் பங்காளிகள்தாம். மூன்றும் கொம்மிஃபோரா என்ற ஒரே பேரினம்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், ஒரு பங்குனி மாதம், ஓர் இலைகூட இல்லாமல் நின்ற வேலியைக் காட்டி, "தண்ணீர் இல்லாமல் பட்டுப்போச்சு" என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா சிரித்தபடி வந்து, ஒரு கொப்பை நகத்தால் கீறிக் காட்டினார். தோலுக்கடியில் பச்சைப் பசேல் என்றிருந்தது. வாத்தியாருக்கு அன்றைக்குப் பாடம் எடுத்தவர் அவர்.

காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்கள், இந்த வேலியால்தான் கொறங்காடாக இருக்கின்றன. பாசனம் கிடையாது, மழையும் குறைவு. உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. கடவைச் சாத்திவிட்டால் ஆளில்லாமலே மாடு மேயும். ஒரு பக்கத்துப் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டு, மேய்ந்த காட்டைத் தழைய விடுவார்கள். வேலி போனால் அந்த மேய்ச்சல் முறையே நிற்காது. காங்கேயம் காளையைப் பற்றிப் பேசும் நாம் வேலியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியின் பின்பக்க வேலியில் நான்கைந்து இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. கல்தூண் நட்டுக் கம்பி கட்டிவிடலாம் என்று சென்ற கூட்டத்தில் சிலர் சொன்னீர்கள். பாம்பு பயத்தால் சொன்னீர்கள், புரிகிறது. வேலியோரம் புதர் மண்டாமல் மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய ஏற்பாடு செய்கிறேன். முன்பக்கம் சுவரே இருக்கட்டும். பின்பக்கத்துக்கு மட்டும் உங்கள் காட்டு வேலியிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கொப்பு) கொடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஊன்றிவிட வேண்டும்.

போத்து கட்டைவிரல் தடிப்புக்குக் குறையாமல், பிள்ளைகளின் நெஞ்சு உயரம் இருந்தால் போதும். முள் இருப்பதால் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல், வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நீங்களே கொண்டுவாருங்கள். நடுவதற்கு வரும் பிள்ளைகளுக்குச் செருப்பும் பழைய சட்டையும் போட்டு அனுப்புங்கள். கிளுவைப் பிசின் சீருடையில் பட்டால் லேசில் போகாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்