வாசல் விளக்கின் சுவிட்ச் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது

டொரொண்டோ ஸ்காபரோவில் உள்ள எங்கள் டவுன்ஹவுஸ் தொகுதியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் தமிழ் வாசிப்பவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். மற்ற இருவருக்கும் நீங்களே வாசித்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்புகிற ஆங்கில அறிவித்தல்களை நாங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறோம்.

போன கிழமை கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன அறிவித்தல் பற்றித்தான் இந்த மடல். பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போகிற ஹலோவீன் மாலையில் நம் தொகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் பச்சைக் கைப்பட்டியாம். கைப்பட்டி இல்லாத பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்கும் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதமாம். தயவுசெய்து அதை மீளப் பெறுங்கள்.

போன வருடம் அன்றிரவுக்கு மட்டும் ஒரு காவலாளி வைத்தீர்கள். என் வீடு நுழைவாயிலை ஒட்டிய மூலை வீடு, அதனால் எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. ஆறரை மணி, நல்ல இருட்டு, குளிர். வீதிக்கு அந்தப் பக்கத் தொடர்மாடியிலிருந்து ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். சின்னவனுக்கு ஐந்து வயது இருக்கும். தடித்த குளிர்ச்சட்டைக்கு மேல் ஸ்பைடர்மேன் உடுப்பை இழுத்து மாட்டியிருந்ததில் பலூன் மாதிரி உருண்டு நின்றான். காவலாளி மறித்ததும், இதுதான் முதல் வீடு என்று நினைத்தானோ என்னவோ, தலையணை உறையை விரித்துப் பிடித்து "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்றான். அந்த மனிதர் பாவம், தன் பைகளைத் தடவிப் பார்த்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்து உறைக்குள் போட்டார். நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் தாய் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காவலாளிக்குக் கொடுத்தது எங்கள் பராமரிப்புக் கட்டணம். அந்தக் காசுக்குச் சொக்லேட் வாங்கியிருந்தால் அந்தத் தொடர்மாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கண்டிருக்கும்.

தொடர்மாடிப் பிள்ளை வேறு எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குழுவில் இருவர் என்னோடு செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஒரே தொடர்மாடிக் கட்டடத்தில் இருந்தவர்கள். பிள்ளைகளுக்கு முகமூடி கட்டிவிட்டு, பார்லிமென்ட் வீதியைத் தாண்டி, கபேஜ்டவுன் வீடுகளுக்குத்தானே கூட்டிப் போனோம்? அங்கே யாராவது எங்கள் முகவரியைக் கேட்டார்களா?

பாதுகாப்புக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பாதுகாப்பையே பேசுவோம். அந்நியர் கொடுத்த இனிப்பில் நஞ்சு, பிளேடு என்று வருடாவருடம் பயமுறுத்துகிறார்கள். 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் நஞ்சு கலந்த ஹலோவீன் இனிப்பைத் தின்று இறந்தான்தான். கொடுத்தது அவன் சொந்தத் தகப்பன். உண்மையான ஆபத்து வாகனங்கள். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துப் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் அதற்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு விளக்குகள் மார்ச் மாதத்திலிருந்து எரியவில்லை. மூன்று தரம் எழுதினேன். வேகத்தடை போடுங்கள் என்றும் எழுதினேன். பனி தள்ள ஆள் வருவது பனி உருகிய பிறகு, கட்டணம் மட்டும் சொன்ன திகதிக்கு ஏறுகிறது. இதற்கெல்லாம் ஆள் இல்லை, பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பாதர்ஸ்ட் நகரம் ஹலோவீனுக்கென்று ஒரு சட்டமே வைத்திருந்தது. 2017இல் வயது வரம்பை 16 ஆக்கி, எட்டு மணிக்குள் முடிக்கச் சொன்னார்கள். ஊர் முழுக்கச் சிரித்த சட்டம் அது. ஆனால் அதுகூட வயதையும் நேரத்தையும்தான் பார்த்தது, எந்தக் கட்டடத்துப் பிள்ளை என்று பார்க்கவில்லை.

உங்களில் சிலர் கோயில் திருவிழாவுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறீர்கள். அப்போது உங்கள் கையில் பட்டி இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதற்கு இந்த நாட்டில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் அடுத்த வீடு. அம்மா இறந்த வருடம் நான் விளக்கைப் போடவில்லை, ஒரு பிள்ளைகூடத் தட்டவில்லை. 2020இல் தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போகவேண்டாம் என்று அரசு சொன்னபோதும் போடவில்லை. குரைக்கிற நாய் இருக்கிற வீடு, இரவு வேலைக்காரர் படுத்திருக்கிற வீடு, இது நம் பண்டிகை இல்லை என்று நினைக்கிற வீடு, எல்லாருக்கும் அந்த ஒரு சுவிட்ச் காணும். விரும்பாதவர்கள் அணைத்து வைக்கட்டும், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் விளக்கைப் பற்றிய முடிவை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

எனவே அந்த அறிவித்தலை மீளப் பெறும்படி மீண்டும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒக்ரோபர் 25ஆம் திகதிக்குள் பதில் வந்தால் நல்லது.

பதில் எதுவானாலும் 31ஆம் திகதி ஆறு மணிக்கு என் வாசல் விளக்கு எரியும். பெரிய பெட்டியாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். எச்சரிக்கைக் கடிதம் தருவதானால் கதவிடுக்கில் செருகாமல் தபால் பெட்டியில் போடுங்கள். அன்றைக்குக் கதவு அடிக்கடி திறக்கும், கடிதம் விழுந்துவிடும்.

நன்றியுடன்,
மூலை வீட்டுக்காரி