மழைக்கு முன்னே கூரை போட வேண்டும்: கன்னியர் இல்ல மாணவியர் விடுதிக்காக ஓர் அவசர வேண்டுகோள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பங்கு மக்களே, தோட்டத்து உறவுகளே, ஊரை விட்டுப் போய் எங்கெங்கோ நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருக்கும் நம் பிள்ளைகளே, எல்லாருக்கும் விடுதிச் சீரமைப்புக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். அக்டோபர் 31க்குள் விடுதியின் வயரிங்கை மாற்றி, தீயணைப்பு வசதிகளையும் செய்து முடித்தால்தான் பொம்பா, அதாவது மலேசியத் தீயணைப்பு இலாகா, ஆதரவுக் கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் இருந்தால்தான் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவைப் புதுப்பிக்க முடியும். அதிகாரிகள் கேட்பதில் தவறே இல்லை. பிள்ளைகள் தூங்கும் இடம் அது. ஆனால் பதிவு போய்விட்டால் 23 பெண்பிள்ளைகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அதில் ஆறு பேர் இந்த ஆண்டு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதுகிறவர்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். அன்று குழுவில் இருவர் விடுதிக்குப் போயிருந்தோம். மேல்மாடியில் பதினொரு வாளி வைத்திருந்தார்கள். வாளி போதாமல் குழம்புச் சட்டியும் வைத்திருந்தது. பெரிய சிஸ்டர், எழுபதைத் தாண்டியவர், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் படிவத்துப் பிள்ளை ஒருத்தி தன் பாடப்புத்தகங்களைப் பெரிய மைலோ டின்னுக்குள் போட்டு மூடி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா தூங்கலையா?" என்று கேட்டோம். "டின்னு மூடி சரியா மூட மாட்டேங்குது அங்கிள், நான் எந்திரிச்சா தண்ணி உள்ள போயிடும்" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

இளைய தலைமுறைக்கு இந்தச் சிஸ்டர்கள் யார் என்று தெரியாமல் போய்விடக் கூடாது. நாம் எஃப்.எம்.எம். சிஸ்டர்கள் என்று சொல்கிறோமே, மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியர், அந்தச் சபை பிறந்தது ஐரோப்பாவில் அல்ல. நம் பாட்டன் பூட்டன் மண்ணில்தான். பிரான்ஸ் நாட்டு நாந்த் நகரில் 1839இல் பிறந்த எலன் என்ற பெண், 1865இல் கன்னியராக மதுரைக்கு வந்து சேர்ந்தார். பாடுகளின் மரியா என்பது அவருடைய துறவறப் பெயர். மதுரையில் வந்த கருத்து வேற்றுமைகளால் 1876இல் இருபது கன்னியர் தங்கள் பழைய சபையை விட்டு விலகினார்கள். அவர்களில் ஒருவராக அவரும் ஊட்டிக்குப் போனார். கையில் எதுவும் இல்லாமல் மலையேறிய அந்தக் கூட்டத்துக்கு 1877 ஜனவரி 6ஆம் தேதி திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதுச் சபையாக அனுமதி கொடுத்தார். சபையை நிறுவிய அந்த அன்னை 1904இல் இத்தாலியில் இறந்தார். 2002 அக்டோபர் 20ஆம் தேதி, மறைபரப்பு ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

நம் பெரியவர்கள் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கித்தா (ரப்பர்) காட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள். மதுரையையும் ஊட்டியையும் அறிந்த ஒரு சபையின் சிஸ்டர்கள், வெள்ளை அங்கியோடு இந்தச் செம்மண் ரோட்டில் நடந்து லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் வந்து நின்றபோது, "நம்ம ஊரு சபை" என்று அந்தப் பெரியவர்களுக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

விடுதி கட்டியபோது தோட்டத்து மக்கள் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) காசில் ஒரு பங்கைத் தள்ளிவைத்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து நன்கொடைப் பேரேடு இன்னும் சிஸ்டர்களின் அலமாரியில் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் மனசு என்னவோ செய்கிறது. "ஒரு வெள்ளி", "ஐம்பது காசு", பக்கத்தில் நீல மையில் பெருவிரல் ரேகை. எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்துக் கொடுத்தது, தங்கள் பேத்திகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக வளர வேண்டும் என்றுதான். விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போகிற அம்மா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாத தூரத்தில் இருந்த தோட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படித்தார்கள். மதம் கேட்டதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு கித்தா போய் செம்பனை வந்த பிறகும் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காகச் சிஸ்டர்கள் பதிவிலாகாவுக்கும் பள்ளிக்கும் நடந்த நடையை இந்த ஊர் அறியும்.

இனி கணக்கு. கூரைக்கு 58,400 ரிங்கிட். வயரிங்குக்கு 27,600. தீக்கதவு, அவசர விளக்கு, தீயணைப்புக் கருவிகளுக்கு 14,500. சமையல்கட்டுக்கும் கழிப்பறைகளுக்கும் 31,000. ஆக மொத்தம் 1,31,500 ரிங்கிட். போன ஞாயிறு வரை நீங்கள் கொடுத்தது 84,300 ரிங்கிட்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு குத்தகையாளரிடம் 18,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்தோம். மூன்று நாள் வந்து பழைய கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டார், பிறகு ஆளைக் காணோம். போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேர் கையெழுத்தோடு, வேலை நடந்த அளவுக்குத்தான் பணம் கொடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டது எங்கள் தவறு. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இப்போது அந்த முறையில்தான் செய்கிறோம். கணக்குப் புத்தகம் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆகவே கையில் இருப்பது 66,300 ரிங்கிட். சமையல்கட்டு கிறிஸ்துமஸ் வரை பொறுக்கும். கூரையும் வயரிங்கும் தீயணைப்பு வேலையும் பொறுக்காது. அதற்கு உடனே வேண்டியது 34,200 ரிங்கிட்.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? மாரியம்மன் கோயில் நிர்வாகத்தார் திருவிழா முடிந்த கையோடு கூடாரத்தையும் நாற்காலிகளையும் நம் நிதி விருந்துக்கு வாடகை இல்லாமல் கொடுத்தார்கள். தாங்களும் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டு உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரும்புக் கடைத் தௌக்கே (சீன முதலாளி) கூரைத் தகடுகளை வாங்கின விலைக்கே தருவதாகச் சொல்லி, பணம் சேரும் வரை தன் கிடங்கில் எடுத்துவைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து (மலாய்க் கிராமம்) ஒரு பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், மூன்று நாள் வந்து தண்ணீர்ப் பம்பைப் பழுது பார்த்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பையன்கள் மாதாமாதம் அனுப்புகிறார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வடையும் முறுக்கும் சுட்டு விற்ற மாதர் அணியினர் 2,140 ரிங்கிட் கொண்டுவந்து வைத்தார்கள், எல்லாம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட் நோட்டுகள். கணவரை வேலையிடத்தில் இழந்த ஒரு பாட்டி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் வந்ததும் ஒவ்வொரு மாதமும் 20 ரிங்கிட் கொண்டுவருகிறார். "இந்த மாசம் மருந்துக்கு வச்சுக்குங்க பாட்டி" என்றால் கோபப்படுகிறார். ஆண்டவர் உங்கள் எல்லாருடைய குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.

இப்போது விடுதியின் பழைய மாணவிகளிடம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் ஆசிரியைகள் இருக்கிறீர்கள், தாதியர் இருக்கிறீர்கள், ஷா ஆலாமிலும் ஜொகூரிலும் சொந்த வீடு வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் உயர்வு எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நன்கொடைப் பட்டியலில் உங்கள் பெயர்களைத் தேடினோம், பத்துக்கும் குறைவாகத்தான் கிடைத்தன. அந்தச் சாப்பாட்டு அறையில், அந்த நீண்ட பெஞ்சில், எத்தனை ஆண்டு சாப்பிட்டீர்கள்! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சுவரில் எழுதி வைத்திருந்ததும் அங்கேதான். கட்டணம் கட்ட முடியாத மாதங்களில் சிஸ்டர்கள் யார் வீட்டுக்கும் கடிதம் அனுப்பவில்லை. பிள்ளை திருமணத்துக்கு மண்டபம் எடுக்கும்போது, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணி எடுக்கும்போது, அந்த வாளிகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூரைத் தகட்டின் விலை 45 ரிங்கிட். ஒரு அறைக்கு வயரிங் மாற்ற 1,150 ரிங்கிட். ஒரு வகுப்புத் தோழிகள் சேர்ந்தால் ஓர் அறையை ஏற்றுக்கொள்ளலாம்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் உடலுழைப்பைக் கொடுங்கள். வரும் சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பழைய சாமான்களை இறக்கிவைக்க ஆள் வேண்டும், குறைந்தது இருபது பேர். பாராங் கத்தி, கையுறை இருந்தால் கொண்டுவாருங்கள். காலைப் பசியாற மாதர் அணி ஏற்பாடு செய்திருக்கிறது. சிஸ்டர்களும் பிள்ளைகளும் ஒவ்வொரு மாலையும் செபமாலையில் நன்கொடையாளர்களை நினைத்து மன்றாடுகிறார்கள்.

ஞாயிறு இரண்டு திருப்பலிக்குப் பிறகும் ஆலய வாசலில், மாதா கெபிக்குப் பக்கத்தில், குழுவினர் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். காசோலையானால் விடுதியின் பெயருக்கே எழுதுங்கள், தனி ஆள் பெயருக்கு வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தை ஆலய அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அக்டோபர் 12ஆம் தேதிக்குள் பணம் வந்தால்தான் தகடுகளை ஏற்றிவர லாரி சொல்ல முடியும். யாரிடம் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும், எண் போட்ட ரசீதைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மாணவியர் விடுதிச் சீரமைப்புக் குழுவினர்