மீட்புப் படகு வாங்கப் போகும் நம் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு

பஞ்சாயத்துப் பெரியவர்களுக்கும் மீட்புக் குழுத் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஊர்ப் பணத்தில் 4.2 மீட்டர் ரிப் படகு (அடிப்பாகம் கெட்டி, சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாய்) வாங்க முடிவாகிவிட்டது என்றார்கள். சந்தோஷம். குளிக்க வருகிறவர்கள் அலையில் மாட்டிக்கொண்டால், நாம் ஃபைபர் படகைத் தள்ளி இறக்குவதற்குள் ஆள் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் அதில் 60 ஹெச்.பி. இன்ஜின் மாட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறதே, அதைக் கேட்டுத்தான் இந்த மடல். இருபது வருடமாக அவுட்போர்டு இன்ஜினோடு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜினோடு, மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இன்ஜின் தொங்கும் பின்பலகைப் பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை ஹெச்.பி. என்று அதில் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்த்து வைத்த படகில் 40 என்று இருக்கிறது. அதை மீறினால் பின்பலகை விரிசல் விடும். விபத்தென்று வந்தால் காப்பீட்டுக்காரரும் கைவிரிப்பார். பிரிட்டனில் கடல் மீட்புக்கென்றே இருக்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பின் டி கிளாஸ் படகு 5 மீட்டர் நீளம். அடிப்பாகமும் ரப்பர்தான், ரிப் கூட இல்லை. அதற்கு 50 ஹெச்.பி. மாட்டி 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) ஓட்டுகிறார்கள். அதைவிடச் சின்னப் படகுக்கு நமக்கு எதற்கு 60?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு சுமார் 150 கிலோ, இன்ஜின் 75, பெட்ரோல் 25 லிட்டருக்கு 19 கிலோ. நம் ஆள் இரண்டு பேர், தூக்கி ஏற்றுகிறவர்கள் நான்கு பேர், தலைக்கு 70 என்றால் 420. எல்லாம் சேர்த்து 660 கிலோ சொச்சம். 40 ஹெச்.பி.யில் ஒரு குதிரைக்கு 17 கிலோகூட வரவில்லை. 20, 25 வரை போனாலும் படகு மூக்கை இறக்கித் தண்ணீர் மேல் ஓடும் என்பது பட்டறைக் கணக்கு. ஆகவே 40 தாராளம். 60 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் 110 கிலோவைத் தொடும். இறக்கும்போது படகில் இரண்டே பேர். பின்னால் அத்தனை பாரம் தொங்க, அலை ஏறும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்த்தால் படகு பின்பக்கமாகக் கவிழும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? என் ஓட்டு டூ ஸ்ட்ரோக்குக்கு. 40 ஹெச்.பி.யில் இருபது கிலோ போல எடை குறையும், தண்ணீரில் முங்கினாலும் கழற்றி உலர்த்தி உயிர் கொடுப்பது சுலபம். பெட்ரோல் அதிகம் குடிக்கும், புகையும். தினம் தொழிலுக்குப் போகிற படகென்றால் நானே வேண்டாம் என்பேன். வருடத்துக்கு முப்பது நாற்பது மணி நேரம் ஓடும் படகுக்கு அது ஒரு பொருட்டில்லை. குமரிப் பக்கம் ஓடுகிற மண்ணெண்ணெய் இன்ஜின் மலிவு என்று ஒருவர் சொன்னாராம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டிய இன்ஜின் அது. அவசரத்துக்கு ஆகாது.

அடுத்து, இன்ஜின் கால் நீளம், அதாவது பின்பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதியின் நீளம். இதில் நானே ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குலக் கால் இன்ஜினை மாட்டச் சொன்னார் ஒரு படகுக்காரர், நானும் தலையாட்டினேன். ஆற்றில் சமாளித்து ஓடியது. கடலில் முதல் அலை உச்சியிலேயே புரொப்பல்லர் காற்றைக் கடித்தது. இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை. குறுக்கே திரும்பியது, கவிழ்ந்தது. எல்லோரும் நீந்திக் கரையேறினோம். இன்ஜின் ஒரு வாரம் என் பட்டறையில் உப்பு கக்கியது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் ஏரா (அடிக்கட்டை) மட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலேயோ நிற்க வேண்டும். பின்பலகையின் நடுவில் டேப் வைத்து அளந்த பிறகுதான் இன்ஜினுக்கு ஆர்டர்.

புரொப்பல்லரைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் என் பெரிய குறை. ஒல்லியான இரண்டு பேரை ஏற்றி ஓட்டிக் காட்டினால் எந்தப் படகும் பறக்கும். ஆறு பேரை ஏற்றி முழு வேகம் வையுங்கள். இன்ஜின் மேனுவலில் முழுத் திராட்டிலுக்கு ஓர் ஆர்.பி.எம். எல்லை இருக்கும், அதைத் தொடாமல் திணறினால் புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம் என்று அர்த்தம். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்.பி.எம். ஏறும். காலிப் படகில் மட்டும் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. மீட்புக்கு இழுவைதான் முக்கியம். நீரில் ஆள் இருக்கும் இடத்துக்குப் போவதால் புரொப்பல்லருக்குக் கூண்டும் வேண்டும். கொஞ்சம் வேகம் குறையும், குறையட்டும்.

ஸ்டீயரிங் கன்சோல் அழகாகத்தான் இருக்கும். 4.2 மீட்டரில் அது இரண்டு பேரின் இடத்தைத் தின்றுவிடும். கைப்பிடி போதும். கையால் இழுத்துக் கிளப்பும் கயிறும் இருக்கட்டும், பேட்டரியை நம்ப வேண்டாம். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றை அவர் தொடையில் கட்டாமல் படகு மணலைவிட்டு இறங்கக் கூடாது. இதை ஊர்க் கட்டுப்பாடாகவே போடுங்கள்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் மாதக் கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

60க்கும் 40க்கும் உள்ள விலை வித்தியாசத்திலேயே ஃபில்டர், கூண்டு, உபரி புரொப்பல்லர், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) எல்லாம் வாங்கிவிடலாம். முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தகட்டின் படத்தையும் பின்பலகை அளவையும் எனக்கு அனுப்புங்கள். சோதனை ஓட்டத்துக்கு நான் வருகிறேன், கூலி வேண்டாம். ஆறு பேரை மட்டும் நீங்கள் கூட்டி வாருங்கள், நல்ல கனமான ஆட்களாக.

இப்படிக்கு,
உங்கள் ஊர் இன்ஜின் மெக்கானிக்