பழைய நிரலை யார் திருத்துவது?

ஆசிரியருக்கு,

கணினி மொழிகள் எல்லாமே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை (Total வேறு, total வேறு என்று) கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. புதிதாகப் பிறக்கும் மொழி என்றால் சரி. பல ஆண்டுகள் ஓடிய மொழியில் அதைச் செய்யலாமா என்பதில்தான் எனக்குத் தகராறு.

இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் மாறிகளின், அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களின், பெயருக்கு அந்த வேறுபாடு உண்டு. ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), கிளாஸ் (தரவையும் அதற்கான ஃபங்ஷன்களையும் சேர்த்த வார்ப்பு) பெயர்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு சட்டம். அதனால் வரும் தொல்லையும் நிஜம்தான். கிளாஸ் பெயரை வைத்துத்தான் கோப்பைத் தேடி எடுக்கிறோம்; ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வரில் நிரல் படுத்துவிடும். அதில் ஓர் இரவு முழுக்கத் தொலைத்தவன் நான்.

ஆனால் 'ஒரு கருவியை ஓட்டினால் பழைய நிரல்கள் திருந்திவிடும்' என்கிறாரே கட்டுரையாளர், அங்கேதான் இடிக்கிறது. ஃபங்ஷன் பெயர்கள் நிரலுக்குள் மட்டுமா இருக்கின்றன? அமைப்புக் கோப்பில் இருக்கும், டேட்டாபேஸில் இருக்கும். நிரல் ஓடும்போது இரண்டு துண்டுகளை ஒட்டி உருவாகும் பெயரும் உண்டு. அது எந்தக் கருவியின் கண்ணிலும் படாது. அந்த வரி ஓடினால்தான் பிழை தெரியும். ஆண்டுக்கொரு முறை எடுக்கும் கணக்கு அறிக்கையில் அது இருந்தால்? எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அதே பிஎச்பி, மாறிலிகளின் (மதிப்பு மாறாதவை) பெயரில் எழுத்து வேறுபாட்டைப் பார்க்காமல் விடும் சலுகையை நீக்கியது. 2018-இல் வந்த 7.3 பதிப்பு எச்சரித்தது, 2020-இல் வந்த 8.0 எடுத்துவிட்டது. மாறிலியை அறிவிக்கும்போதே தனியாகக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சலுகை கிடைத்தது. அதனால் தேடிப் பிடிப்பது எளிது. ஃபங்ஷன் பெயர்களில் அப்படி எந்த அடையாளமும் இல்லை.

எழுத்து வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பார்க்கும் பைத்தான் மொழியிலும் ஒரு கதை உண்டு, எதிர்த்திசையில். ஆலிஸ் என்ற முப்பரிமாணக் கற்பித்தல் மென்பொருளை உருவாக்கியவர்கள், புதியவர்கள் தடுக்கி விழுந்த இரண்டு இடங்களைத் தங்கள் பைத்தானில் மாற்றிக்கொண்டார்கள். ஒன்று எழுத்து வேறுபாடு; அதை எடுத்துவிட்டார்கள். மற்றது, ஒன்றை இரண்டால் வகுத்தால் பூஜ்யம் வருவது. வகுத்தல் திருத்தம் பைத்தானிலேயே 2001-இல் விருப்பத் தேர்வாக வந்து, 2008-இல் பைத்தான் 3-இல் நிலைத்தது. எழுத்து வேறுபாட்டை யாரும் தொடவில்லை. கிளாஸுக்குப் பெரிய எழுத்து, மாறிக்கு அதே பெயர் சிறிய எழுத்தில் என்று எழுதிப் பழகிய நிரல்கள் எத்தனை! வேறுபாட்டை எடுத்திருந்தால் எல்லாம் மோதிக்கொண்டிருக்கும்.

எழுத்தில் பெரிசு சின்னது என்ற பேதமே இல்லாத தமிழில் இதை எழுதுவது வேடிக்கைதான். இருந்தாலும் சொல்கிறேன்: மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஓரிரு வெளியீடுகளுக்கு எச்சரிக்கையை மட்டும் காட்டட்டும், அதுவும் நிரல் ஓடும்போது. எத்தனை வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
பழைய நிரல்களோடு மல்லுக்கட்டும் ஒரு வாசகர்